கான்டெஸாவா, ஸ்டாண்டர்டு 2000-ஆ? 80-களின் 'மசில்' கார்களில் எதை வாங்கலாம், எதில் ஜாக்கிரதை?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கார், லாரி, பைக் கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கார்களும் ஓர் அடையாளம். இதெல்லாம் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாராகத் தொடங்கிய பிறகு வந்த கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு 13 வருஷம் முன்னாடியே இந்தப் பகுதியில் ஒரு சொகுசு கார் தயாரானது.

1985-ல், காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பெருங்களத்தூர் ஆலையிலிருந்து வெளிவந்த அந்தக் காரின் பெயர் ஸ்டாண்டர்டு 2000. மூன்றே வருஷத்தில் அதன் கதை முடிந்தது. அதே காலத்தில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து வந்த போட்டி கார் ஹிந்துஸ்தான் கான்டெஸா. அது 2002 வரை தாக்குப்பிடித்தது.

இன்று இரண்டுமே சேகரிப்பாளர்கள் தேடும் வண்டிகள். 'இந்தியாவின் மசில் கார்', 'ரேர் பீஸ்' என்றெல்லாம் விளம்பரம் பார்த்து ஆசைப்படுபவர்கள் அதிகம். ஆசையில் அவசரப்பட்டால் லட்சக்கணக்கில் பணம் போகும். வண்டி ஷெட்டை விட்டு நகராமலும் போகலாம். இரண்டில் எது வேகம், எது மதிப்பு, எது தலைவலி? விரிவாகப் பார்க்கலாம்.

மசில் கார் என்றால் என்ன?

இது அமெரிக்காவில் பிறந்த பெயர். நடுத்தர அளவு காரில் பெரிய வி8 இன்ஜினைப் பொருத்தி, சாதாரண ஆளும் வாங்கும் விலையில் விற்பதுதான் மசில் கார். 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ இதற்குத் தொடக்கப் புள்ளியாகச் சொல்லப்படுகிறது. அதில் இருந்தது 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைத்திறன். அதே ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அதற்குப் பதிலடியாக செவ்ரலே கமாரோ வந்தது. 'மஸ்டாங்கா, கமாரோவா' என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தியாவில் மசில் காரே தயாரானதில்லை. நீளமான பானெட், அகலமான முகப்பு, பின்சக்கரத்துக்குப் போகும் இன்ஜின் சக்தி... இந்தத் தோற்றமும் அமைப்பும்தான் கான்டெஸாவுக்கு அந்தப் பட்டத்தை வாங்கித் தந்தன. பார்க்க கெத்து, அவ்வளவுதான். அந்தக் கெத்துக்குள்ளே என்ன இன்ஜின் இருந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கான்டெஸா: வந்தது எப்படி?

பிரிட்டனின் வாக்ஸால் நிறுவனம் 1972-ல் அறிமுகப்படுத்திய விக்டர் காரின் வழிவந்தது விஎக்ஸ் வரிசை. 1978-ல் அங்கே அதன் தயாரிப்பு நின்றது. அந்த வடிவமைப்பை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, 1984-ல் கான்டெஸாவாகக் கொண்டுவந்தது.

முதலில் வந்த கான்டெஸாவுக்குள் இருந்தது அம்பாசடரின் அதே 1,489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். அம்பாசடரை இழுக்கவே திணறும் இன்ஜின், அதைவிடப் பெரிய காரை இழுக்க வேண்டியிருந்தது. யானைக்கு மாட்டு வண்டிச் சக்கரம் போட்ட மாதிரி.

மாற்றம் 1980-களின் பிற்பகுதியில் வந்தது. ஜப்பானின் இசுசு நிறுவனத் தொழில்நுட்பத்தில் 1,817 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸும் சேர்ந்து 'கான்டெஸா கிளாசிக்' ஆனது. சக்தி 85 குதிரைத்திறனைத் தாண்டியது. பிறகு இசுசு டீசல் இன்ஜின்களும் வந்தன. அமைச்சர், தொழிலதிபர், சினிமா வில்லன் என்று எல்லோரும் இறங்கி வரும் காராக அது மாறியது இந்தக் காலத்தில்தான்.

ஸ்டாண்டர்டு 2000: பெருங்களத்தூர் கனவு

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1940-களின் இறுதியில் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனக் கூட்டோடு சென்னையில் தொடங்கப்பட்டது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10, ஹெரால்டு, கேஸல் என்று மெட்ராஸ்காரர்களின் பெருமையாக இருந்த கார்கள் இதன் தயாரிப்புகள். 1970-களின் பிற்பகுதியில் கார் தயாரிப்பு நின்றது. வேன் மட்டும் வந்துகொண்டிருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் சந்தையே மாறியது. ஒவ்வொரு கம்பெனியும் புது காரைத் தேடி ஓடியது. ஸ்டாண்டர்டு தேர்ந்தெடுத்தது ரோவர் எஸ்டி1.

சாதாரண கார் இல்லை அது. 1976-ல் பிரிட்டனில் அறிமுகமாகி, 1977-ம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய கார் விருதை வாங்கியது. வடிவமைத்தவர் டேவிட் பாச். அதன் முகப்பில் ஃபெராரி டேடோனாவின் சாயலைப் பார்க்கலாம். அறிமுகமானபோது அதில் இருந்தது 3,528 சி.சி. வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகம். இந்தியாவில் தயாரான எந்தக் காரையும்விட மசில் காருக்குக் கிட்ட வந்த உடல் இதுதான்.

ஆனால் வந்தது உடல் மட்டும். வி8 வரவில்லை. பெருங்களத்தூரில் அதற்குள் வைத்தது 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின், 83 குதிரைத்திறன். அதன் பூர்வீகம் 1940-களின் ஸ்டாண்டர்டு வான்கார்டு. அதே குடும்பத்து இன்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது, டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. உழைக்கும் இன்ஜின்தான், சந்தேகமில்லை. ஆனால் 1985-ல் அதற்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்குக் கோர்வை தெரியும். புடவையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருந்தாலும், இரண்டையும் கோர்க்கும் இடம் இறுக்கமாக இருந்தால்தான் புடவை தலைமுறை தாண்டி நிற்கும். ஸ்டாண்டர்டு 2000-ல் உடலும் இன்ஜினும் தனித்தனியாக நல்லவை. கோர்வைதான் சரியாக விழவில்லை.

பெர்ஃபாமன்ஸில் யார் ஜெயிக்கிறார்?

காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் சின்னது.

கான்டெஸா (முதல் மாடல்): 1,489 சி.சி., சுமார் 50 குதிரைத்திறன்.
கான்டெஸா கிளாசிக்: 1,817 சி.சி., 85-க்கு மேல் குதிரைத்திறன்.
ஸ்டாண்டர்டு 2000: 1,991 சி.சி., 83 குதிரைத்திறன்.

முதல் கான்டெஸாவோடு மட்டும் மோதினால் ஸ்டாண்டர்டு 2000 ஜெயிக்கும். கிளாசிக் வந்த பிறகு நிலைமை தலைகீழ். கிளாசிக்கின் இன்ஜின் புதுத் தலைமுறை. சுழற்சி வேகம் கூடினாலும் முனகாது. ஐந்தாவது கியர் இருப்பதால் நெடுஞ்சாலையில் இன்ஜினுக்கு ஓய்வும் கிடைக்கும்.

ஸ்டாண்டர்டு 2000-ன் உடலும் பெரியது. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,815 மி.மீ. கான்டெஸாவில் அது 2,667 மி.மீ.தான். பெரிய உடல், பழைய இன்ஜின் என்றால் ஓவர்டேக் செய்யும்போது காத்திருக்க வேண்டும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். பிரிட்டனில் இதே எஸ்டி1-ஐ நான்கு சிலிண்டர் 2 லிட்டர் இன்ஜினோடு விற்றபோதுகூட அதில் சுமார் 100 குதிரைத்திறன் இருந்தது.

பயண சுகத்தில் கதை வேறு. நீளமான வீல்பேஸ், விசாலமான உள்பகுதி, பின்னால் முழுதாகத் திறக்கும் ஐந்தாவது கதவு... உட்கார்ந்து போகிறவருக்கு ஸ்டாண்டர்டு 2000 சுகம். ஓட்டுகிறவருக்கு கான்டெஸா கிளாசிக்.

இன்றைய சாலையில் இரண்டுமே வேகமான கார்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போதைய சாதாரண ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் இதே அளவு சக்தி இருக்கிறது. எடையும் குறைவு. வேகத்துக்காக இவற்றை வாங்க நினைப்பவர் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆலை மூடியது, உதிரி பாகம் கப்பல் ஏறியது

மாருதி வந்த காலத்தில் மக்கள் கேட்ட முதல் கேள்வி 'மைலேஜ் எவ்வளவு?' என்பதுதான். உயர்ந்த விலை, பழைய இன்ஜின், பெட்ரோல் செலவு... ஸ்டாண்டர்டு 2000-ஆல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 1988-ல் தயாரிப்பு நின்றது. அதை நம்பியிருந்த தொழிலாளர்களின் வேலையும் போனது.

பூட்டிக் கிடந்த ஆலை 2006-ல் கைமாறியது. அங்கே விற்காமல் தேங்கியிருந்த ரோவர் உதிரி பாகங்களை வாங்கியது பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பழைய கார் பாக நிறுவனம். பெருங்களத்தூரில் தயாரான பாகங்கள் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 வைத்திருப்பவர்களின் கார்களை ஓட வைத்தன. இங்கே அதே காரை வைத்திருப்பவர் ஒரு கண்ணாடிக்கு அலைய வேண்டிய நிலை. ஆலை இருந்த இடத்தில் இன்று ஐடி கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் அதைக் கடக்கும் பலருக்கு அங்கே கார் தயாரானதே தெரியாது.

சேகரிப்பு மதிப்பு: ரேரா இருந்தா போதுமா?

போதாது. பழைய கார் சந்தையில் மதிப்பைத் தீர்மானிப்பவை நான்கு: எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள், பாகம் கிடைக்குமா, காகிதம் சுத்தமா.

முதலாவதில் ஸ்டாண்டர்டு 2000-க்குத்தான் வெற்றி. மூன்று வருஷம் மட்டும் தயாரான கார், அதிலும் பெரும்பகுதி காயலான் கடைக்குப் போய்விட்டது. கான்டெஸா கிட்டத்தட்ட 18 வருஷம் தயாரானது. தேடினால் கிடைக்கும்.

ஆசைப்படுபவர்கள் எண்ணிக்கையில் கான்டெஸா முன்னால் நிற்கிறது. சினிமா, அரசியல், கல்யாண ஊர்வலம் என்று ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்த கார் அது. 2022-ல் கான்டெஸா என்ற பெயரை மட்டும் வேறொரு நிறுவனத்துக்கு விற்பதாக ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அறிவித்தபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. விற்க நினைக்கும்போது வாங்க ஆள் இருப்பதும் மதிப்பில் ஒரு பகுதிதான்.

மூன்றாவது, உதிரி பாகம். இங்கேதான் பெரிய இடைவெளி. முதல் கான்டெஸாவின் இன்ஜின் அம்பாசடருடையது. கிளாசிக்கின் 1,817 சி.சி. இசுசு இன்ஜின் பிறகு அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் மாடலிலும் வந்தது. அம்பாசடர் 2014 வரை தயாரானது. அதனால் இன்ஜின் சாமானுக்கு இன்னும் வழி இருக்கிறது. வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். விண்ட்ஷீல்டு, பம்பர், லைட், உள் அலங்காரம் போன்றவற்றுக்குத்தான் கஷ்டம்.

ஸ்டாண்டர்டு 2000-க்குப் புதுப்பேட்டை முழுக்க அலசினாலும் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். உடல் பாகங்களுக்கு பிரிட்டனில் உள்ள ரோவர் எஸ்டி1 கடைகளை நம்ப வேண்டும். அதிலும் இந்தியாவுக்காக மாற்றிய பாகங்கள் அங்கே பொருந்தாது. இறக்குமதி வரி, கூரியர் செலவு தனி. அமெரிக்காவில் மஸ்டாங்குக்கு உடல் பாகங்களையே இன்றும் புதிதாக அடித்து விற்கிறார்கள். அந்த வசதி நம் இரண்டு கார்களுக்குமே இல்லை.

அசல் ஜரிகையா, போலி ஜரிகையா?

பழைய பட்டுப்புடவை வாங்க வருபவர் முதலில் நிறத்தையா பார்ப்பார்? ஜரிகையைத்தான் உரசிப் பார்ப்பார். வெள்ளி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. பழைய காரிலும் அதே நியாயம். பளபள பெயின்ட், புது அலாய் வீல், பெரிய மியூசிக் சிஸ்டம் எல்லாம் மதிப்பைக் கூட்டாது. கம்பெனியில் வந்த இன்ஜின், அதே எண், அதே டேஷ்போர்டு, பழைய பதிவு எண் இருந்தால்தான் விலை.

பெட்ரோல் செலவுக்குப் பயந்து இந்த இரண்டு கார்களிலும் வேறு டீசல் இன்ஜினை மாற்றி ஓட்டியவர்கள் உண்டு. அப்படி மாற்றியதை ஆர்.சி.யில் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அனுமதி இல்லாத மாற்றங்களைத் தடை செய்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

'வின்டேஜ்' பதிவு கிடைக்குமா?

கிடைக்காது, இப்போதைக்கு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் உள்ள வண்டிகளுக்குத்தான் வின்டேஜ் பதிவு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். 'விஏ' எழுத்துகள் கொண்ட தனி நம்பர் பிளேட் தருவார்கள். தினசரி பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது.

1984-ல் பதிவான முதல் கான்டெஸாவே 2034-ல்தான் அந்த வரிசையில் சேரும். 1985 ஸ்டாண்டர்டு 2000 என்றால் 2035. அதுவரை இரண்டுமே சட்டத்தின் கண்ணில் சாதாரண பழைய கார்கள். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் உயர்த்தியபடி, 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு இதற்கான கட்டணம் 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. இன்சூரன்ஸும் கட்டாயம்.

'பழைய கார்னா பிடிச்சு உடைச்சிடுவாங்க' என்ற பயம் பலருக்கு உண்டு. டெல்லி வட்டாரத்துக்குத் தனி விதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணமாக வைத்து தனியார் காரை உடைக்கச் சொல்வதில்லை. தகுதிச் சோதனையில் தேற வேண்டும்.

வாங்கும் முன் இதைப் பாருங்க

1. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுப்பது நல்லது.

2. எரிபொருள் கட்டத்தில் 'பெட்ரோல்' என்று இருந்து, உள்ளே டீசல் இன்ஜின் இருந்தால் விலகி வந்துவிடுங்கள்.

3. பழைய புத்தக ஆர்.சி. என்றால், அது ஆன்லைன் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 1989-க்கு முன் பதிவான தமிழ்நாட்டு வண்டியின் எண் இப்போதைய 'டிஎன்' வரிசையில் இருக்காது. அந்தப் பழைய எண்ணுக்கே தனி மதிப்பு உண்டு.

4. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்கிறார்களா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

5. கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பட்டி போட்டு மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவுக்குக் கீழே, கால் வைக்கும் தரை, டிக்கி அடிப்பகுதி... துரு ஒளிந்திருப்பது இங்கேதான்.

6. ஸ்டாண்டர்டு 2000 என்றால் முதலில் கண்ணாடிகள், லைட்கள் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம். இவற்றுக்குத்தான் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

7. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர்களை அது அரிக்கும். வாங்கியதும் முதல் வேலையாக அவற்றை மாற்றுங்கள். ஹோஸ் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

8. வாங்கும் விலையைவிட டிங்கரிங், பெயின்ட்டிங், இன்ஜின் வேலைச் செலவு தாண்டிப் போகலாம். அந்தப் பணத்தையும் தனியாக எடுத்து வைத்த பிறகு பேரம் பேசுங்கள்.

அப்போ எதை வாங்கலாம்?

ஓட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஒரு ரவுண்டு போக வேண்டும், நாளைக்கு விற்றாலும் பணம் வர வேண்டும் என்றால் கான்டெஸா கிளாசிக் பெட்ரோல். அதிலும் இன்ஜின் மாற்றாத வண்டி.

பொறுமை, பணம், இரண்டாவதாக இன்னொரு கார் மூன்றும் இருப்பவருக்கு ஸ்டாண்டர்டு 2000. லாபக் கணக்கு போட்டு அதை வாங்கக் கூடாது. இந்தப் பகுதியில் தயாரான கார், இன்னும் கொஞ்சம் வண்டிகளே மிச்சம், அதில் ஒன்றாவது ஓட வேண்டும் என்று நினைப்பவருக்கான வண்டி அது.

ஏற்கெனவே வீட்டு ஷெட்டில் தாத்தா காலத்து வண்டி ஒன்று தார்ப்பாய்க்குள் கிடக்கிறதா? எடைக்குப் போடும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள், சேஸிஸ் எண்ணைப் பாருங்கள், பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஓடாத கார்கூட இன்னொரு காருக்குக் கண்ணாடியும் கதவும் தரும். ஸ்டாண்டர்டு 2000-ஐப் பொறுத்தவரை, இனி புதிதாக ஒரு கதவைச் செய்து தர பெருங்களத்தூரில் ஆலை இல்லை.